பி.எஸ்சி. உளவியல் சேரப் போகிறீர்களா? ஏப்ரலிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

பிளஸ் டூ முடித்துவிட்டு உளவியல் படிக்க நினைக்கும் மாணவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து அலையப்போகும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். பொறியியல் கலந்தாய்வு என்றால் தெருவுக்கு இரண்டு பேர் விவரம் சொல்வார்கள். உளவியலுக்கு அப்படி ஆள் கிடைப்பதில்லை. நான் சேர்ந்த ஆண்டு, பள்ளியில் கேட்டால் கல்லூரியில் விசாரிக்கச் சொன்னார்கள், கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் இணையதளத்தைப் பார்க்கச் சொன்னார்கள், உறவினர்களோ "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். நான் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்துத்தான். தேதியும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எத்தனை ஆண்டுப் பயணம் என்று கணக்குப் போடுங்கள்

பி.எஸ்சி. மூன்று ஆண்டுப் படிப்பு. அதை மட்டும் வைத்துக்கொண்டு உளவியலாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட முடியாது. இதை வீட்டில் எல்லோரும் முதலிலேயே புரிந்துகொண்டால், மூன்றாம் ஆண்டு முடிவில் வரும் ஏமாற்றமும் சண்டையும் மிச்சமாகும்.

மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பும் படித்தவர். நாம் அந்த வழியில் போகவில்லை. மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இந்தப் பதிவுக்கான வழி இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் பி.எஸ்சி. மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, அதன்பின் மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த எம்.ஃபில். இரண்டு ஆண்டு என்று ஏழு ஆண்டுகள் ஆகும். புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில். பட்டமே நீக்கப்பட்டது. மருத்துவ உளவியல் எம்.ஃபில்.லுக்கு 2025-26 சேர்க்கை வரை பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி விலக்கு கொடுத்தது. 2024-25 முதல் நான்கு ஆண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ் மருத்துவ உளவியல் படிப்பை மறுவாழ்வு கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே மருத்துவமனைதான் உங்கள் இலக்கு என்றால், பழைய மாணவர்கள் சொல்லும் வழியை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலும் படிப்புகளின் பட்டியலும் இருக்கின்றன. சேர்வதற்கு முன்பு அதை எடுத்துப் பாருங்கள்.

எல்லோரும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பள்ளி ஆலோசகர், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வு என்று பல வாசல்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு எம்.எஸ்சி. வரையாவது போக வேண்டியிருக்கும். ஐந்து ஆண்டு என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தொலைதூரக் கல்வியிலும் இணையவழியிலும் உளவியல் பட்டம் தருவதை, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து யுஜிசி நிறுத்திவிட்டது. 2021-ஆம் ஆண்டு சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்துக்குள் உளவியலும் வருவதே காரணம். இன்றும் யாராவது "வீட்டிலிருந்தே உளவியல் பட்டம்" என்று துண்டுப் பிரசுரம் நீட்டினால், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் இந்த ஆண்டு அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். வார இறுதி வகுப்பில் ஆலோசகர் சான்றிதழ் தருபவர்களும் உண்டு. அந்தத் தாளை வைத்துக்கொண்டு மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது.

2. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கேளுங்கள்

உளவியல் எல்லாக் கல்லூரியிலும் இல்லை. அரசுக் கல்லூரிகளில் சென்னை மாநிலக் கல்லூரியும் கோவை அரசு கலைக் கல்லூரியும் பெயர் பெற்றவை. சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரி, சென்னை சமூகப்பணிக் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி ஆகியவற்றிலும் பி.எஸ்சி. உளவியல் உண்டு. இன்னும் பல தனியார் கல்லூரிகள் அண்மைக் காலத்தில் தொடங்கியிருக்கின்றன. கவனமாக விசாரிக்க வேண்டியது அந்தப் புதியவற்றைத்தான்.

கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். துறைக்குப் போய் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கருவிகளில் தூசி படிந்திருக்கிறதா, மாணவர்கள் கை பட்டுத் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். உளவியலில் முதுகலை படித்த நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், பயிற்சிக்கு மாணவர்களை எந்த மருத்துவமனைக்கு அல்லது மையத்துக்கு அனுப்புகிறார்கள், சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே மேற்படிப்பு சேர்ந்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் நான் யாரையும் சேரச் சொல்ல மாட்டேன்.

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவர்களையும் பெரும்பாலான கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. பள்ளியில் உளவியல் படிக்கவில்லையே என்ற கவலை வேண்டாம். நம் மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து வருகிற எவரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். அரசு உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைத்தால், உங்கள் இடம் உதவி பெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே வளாகம்தான், ஆனால் கட்டணம் பல மடங்கு வேறுபடும்.

3. சான்றிதழ்கள்: தேர்வு முடிந்த மறுவாரமே தொடங்குங்கள்

பலரும் தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். முடிவு மே முதல் பாதியில் வருகிறது. அந்த வாரத்திலேயே விண்ணப்பமும் தொடங்கிவிடுகிறது. அப்போது ஊரே இ-சேவை மையத்தில் நிற்கும். ஏப்ரலில் போனால் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக முடித்துக்கொண்டு வரலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெயரைப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களில் முன்னெழுத்து இருப்பதால் வருகிற சிக்கல் இது. மதிப்பெண் சான்றிதழில் "மீனா க" என்று இருக்கும். ஆதாரில் "மீனா கண்ணன்" என்று இருக்கும். வங்கிக் கணக்கில் "க.மீனா". பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆட்கள். உதவித்தொகை நிற்பதும், கல்லூரிப் பாடங்களுக்கான கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் ஏபிசி எண் உருவாகாமல் போவதும் பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திக்கொள்வதுதான் எளிது. பள்ளிச் சான்றிதழைத் திருத்தப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும். கைப்பேசி எண் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் அப்பாவின் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் எந்த விண்ணப்பமும் நகராது.

கையில் இருக்க வேண்டியவை இவை:

- பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு முதலில் தற்காலிகச் சான்றிதழை இணையத்தில் பதிவிறக்கலாம்.
- பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. மற்றும் நன்னடத்தைச் சான்றிதழ்.
- சாதிச் சான்றிதழ். பழைய அட்டை இருந்தால் இணையவழிச் சான்றிதழாக மாற்றிக்கொள்ளுங்கள்.
- வருமானச் சான்றிதழ். இது ஓராண்டுக்குத்தான் செல்லும். போன ஆண்டு தங்கைக்கு வாங்கியது உங்களுக்கு உதவாது.
- ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பள்ளியில் உங்களுக்குக் கொடுத்த எமிஸ் எண்.
- சிபிஎஸ்இ அல்லது வேறு வாரியத்தில் படித்தவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழ். பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழும் கேட்கப்படலாம்.

வருவாய்த்துறைச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைத் தாண்டி வர வேண்டும். இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். விண்ணப்ப எண் உள்ள ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். எந்த மேசையில் நிற்கிறது என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் முயல்கிறவர்கள் கவனிக்க: மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசுப் படிவத்தில் தனி ஓபிசி சான்றிதழ் தேவை. அங்கே சேர க்யூட் எனப்படும் பொது நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பி.ஏ. ஆனர்ஸ் உளவியலுக்கு வழி அதுதான். பிளஸ் டூ முடிவு வரும்போது அந்தத் தேர்வுக்கான விண்ணப்பம் மூடியிருக்கும்.

அசல்களை ஒப்படைக்கும் முன் ஒவ்வொன்றிலும் பத்து நகல் எடுத்துவையுங்கள். டி.சி.யை நகல் எடுக்க மறப்பவர்கள் அதிகம்.

4. விண்ணப்பமும் கலந்தாய்வும்

அரசுக் கல்லூரிகளுக்கு, அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்.

உளவியலுக்கான தரவரிசையில் தமிழ், ஆங்கில மதிப்பெண்கள் சேராது. மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். மொத்தம் 600-க்கு எவ்வளவு என்று ஒப்பிட்டு மனம் தளராதீர்கள்.

பலர் சறுக்குகிற இடம் அடுத்ததுதான். விண்ணப்பம் ஒரே இடத்தில் என்றாலும் கலந்தாய்வு அப்படி இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் தரவரிசைப் பட்டியலைத் தானே வெளியிட்டு, தன் வளாகத்தில் தானே அழைக்கிறது. சென்னையும் கோவையும் ஒரே நாளில் அழைத்தால் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். குறுஞ்செய்தி வரும் என்று காத்திராமல், மே கடைசியிலிருந்து விருப்பக் கல்லூரிகளின் இணையதளங்களைக் காலை மாலை பாருங்கள். விளையாட்டு வீரர், மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு முதலில் நடக்கும். அவர்கள் இன்னும் முன்னதாகவே தயாராக இருக்க வேண்டும்.

உளவியல் இடங்கள் குறைவு. காலை பத்து மணிக்கு இருந்த இடம் மதியம் இருக்காது. அசல் சான்றிதழ்களோடும் கட்டணத்தோடும் போங்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தால் அடுத்தவர் பெயரை அழைத்துவிடுவார்கள்.

தனியார் கல்லூரிகள் பல, தேர்வு முடிவுக்கு முன்பே விண்ணப்பம் கொடுக்கத் தொடங்குகின்றன. சிலவற்றில் நேர்காணல் உண்டு. ஏன் உளவியல் என்று கேட்பார்கள். "எனக்குப் பிறரின் பிரச்சினையைக் கேட்கப் பிடிக்கும்" என்பது அன்று அவர்கள் கேட்கிற நூறாவது பதிலாக இருக்கும். நீங்கள் கவனித்த ஒன்றைச் சொல்லுங்கள்: தாத்தாவின் மறதி, பக்கத்து வீட்டுக் குழந்தை பேசத் தாமதமானது, தேர்வு அறையில் தோழிக்குக் கை நடுங்கியது. உண்மையாக யோசித்தது கேட்பவருக்குத் தெரியும்.

ஒரு கல்லூரியில் கட்டணம் கட்டிய பிறகு விருப்பமான இடம் வேறெங்காவது கிடைப்பதும் நடக்கும். கட்டிய பணம் திரும்பாது என்று அலுவலகத்தில் சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். கட்டணத் திருப்பம் பற்றி யுஜிசி ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிடுகிறது. 2024-25-இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும் தர வேண்டும் என்றது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே அறிவித்திருக்கிறது. வாயால் கேட்காமல், அந்த அறிவிப்பின் நகலை இணைத்து முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

5. பணம்

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். சுயநிதியில் ஆண்டுக்குப் பல பத்தாயிரம் ஆகும். சேர்க்கையன்று சொல்லும் தொகையில் தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், சீருடை, பேருந்து அடங்குமா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சாதி அடிப்படையிலான உதவித்தொகைகளுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு பெரும்பாலும் 2.5 லட்சம் ரூபாய். அவற்றுக்கு, கல்லூரி மாணவர்களின் விவரங்களைப் பதியும் அரசின் யுஎம்ஐஎஸ் தளத்தில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். அதை ஏற்றுவது கல்லூரியின் வேலை, ஏறிவிட்டதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

வங்கியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக ஆதாரோடு இணைந்திருப்பது வேறு. பள்ளியில் திறந்த பழைய கணக்கு ஒன்றும் புதிய கணக்கு ஒன்றும் இருந்தால், பணம் நீங்கள் மறந்துபோன கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். வங்கிக் கிளையில் "ஆதார் சீடிங் எந்தக் கணக்கில் இருக்கிறது?" என்று அப்படியே கேளுங்கள்.

கடன் தேவைப்பட்டால், கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குப் பெற்றோரின் கையெழுத்து போதும், சொத்துப் பிணை கேட்கக் கூடாது. இந்தத் துறையில் முதல் வேலையின் சம்பளம் பெரிதாக இருக்காது. இளங்கலைக்குக் கடன் வாங்காமல் சமாளித்து, முதுகலைக்கு அதைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

6. தங்குமிடமும் பயணமும்

வெளியூரிலிருந்து வருபவர்கள் அரசு விடுதிக்குச் சேர்க்கை முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள். 2025 முதல் இவற்றைச் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கிறார்கள். தனியார் விடுதி என்றால் முன்பணத்துக்கு ரசீது வாங்காமல் பெட்டியை இறக்காதீர்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டை உண்டு. அது கைக்கு வரச் சில வாரம் ஆகும். பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் எப்படியும் இலவசமாகப் போகலாம்.

7. முதல் பருவம்

வகுப்புகள் ஜூன் கடைசியில் அல்லது ஜூலை முதல் வாரத்தில் தொடங்கும். சேர்க்கைக்கும் வகுப்புக்கும் நடுவே கிடைக்கும் நாட்களில் என்சிஇஆர்டியின் பதினொன்றாம் வகுப்பு உளவியல் பாடநூலைப் படித்துவிடுங்கள். இணையத்தில் இலவசம். தமிழ்வழியில் வந்தவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் உங்கள் சொந்தத் தமிழில் இரண்டு வரி விளக்கம் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்றே மாதத்தில் மொழி ஒரு தடையாக இருக்காது.

தமிழும் ஆங்கிலமும் இங்கேயும் தொடரும். முதன்மைப் பாடத்தில் எல்லா மதிப்பெண்ணும் வாங்கிவிட்டுத் தமிழ்த்தாளில் அரியர் வைத்திருப்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும்.

கணக்கிலிருந்து தப்பிக்க உளவியலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சொல்: புள்ளியியல் கட்டாயப் பாடம். சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு என்று தொடங்கி ஆய்வுத்தாள் வரை உங்களோடு வரும். தினம் ஒரு கணக்கு கையால் போட்டுப் பழகுங்கள்.

ஆய்வகம்தான் இந்தப் படிப்பின் உயிர். கண்ணாடியில் பார்த்து வரையும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் ஒரு நட்சத்திரப் படம், இரட்டைக் கோடுகளால் ஆனது. கையை ஒரு தட்டி மறைத்திருக்கும். எதிரே நிற்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். நேர்க்கோட்டில் எப்படியோ போய்விடலாம். நட்சத்திரத்தின் முனை வந்ததும் கை அப்படியே நின்றுவிடும். மேலே போக நினைத்தால் கீழே இழுக்கும். நீங்கள் நிறுத்துகடிகாரத்தோடு உட்கார்ந்து, கோட்டைத் தொட்ட பிழைகளையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். முயற்சிகள் கூடக்கூட இரண்டும் குறையும். பிறகு கையை மாற்றிச் செய்யச் சொன்னால், பயிற்சியே இல்லாத அந்தக் கையும் முன்னைவிடத் தேறியிருக்கும். கற்றல் என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் தோழியின் விரல்களில் பார்ப்பதற்கும் உள்ள தூரம் அன்றைக்குப் புரியும்.

இதில் மதிப்பெண் போகிற இடம், அறிவுறுத்தலைச் சொல்லும் விதம். ஒவ்வொருவருக்கும் ஒரே சொற்களில் சொல்ல வேண்டும். இடையில் "அப்படித்தான், நல்லா போடு" என்று உற்சாகப்படுத்தினால் முடிவு கெட்டுவிடும். செய்து முடித்ததும் அவருக்கு உள்ளே என்ன தோன்றியது என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். அன்றைய சோதனையை அன்றைக்கே ரெக்கார்டில் ஏற்றி, அந்த வாரமே ஆசிரியரின் கையெழுத்தை வாங்குங்கள். கையெழுத்து முழுமையாக இல்லாத ரெக்கார்டோடு செய்முறைத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். பருவக் கடைசியில் துறை வாசலில் நிற்கும் வரிசையில் நீங்கள் இருக்க வேண்டாம். இன்னொன்று, வகுப்புத் தோழரின் நினைவாற்றல் எவ்வளவு, ஆளுமைச் சோதனையில் என்ன வந்தது என்பதை உணவு மேசையில் பேசாதீர்கள். இந்தத் தொழிலின் ஒழுக்கம் அந்த நோட்டிலிருந்தே தொடங்குகிறது.

பிறழ்நிலை உளவியல் படிக்கும் பருவத்தில், படிக்கிற நோயெல்லாம் தனக்கும் வீட்டாருக்கும் இருப்பதாகத் தோன்றும். அது பெரும்பாலோருக்கு வந்து போகும். ஆனால் சொந்த மனவேதனைக்கு விடை தேடித்தான் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்றால், பாடநூல் அதற்கு மருந்தாகாது. கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

8. இரண்டாம் ஆண்டில் பயிற்சிக்கு இடம் பிடிப்பது

கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போக வேண்டுமானால் ஜனவரியிலேயே கடிதம் அனுப்பத் தொடங்குங்கள். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, உள்ளூரில் நடக்கும் சிறப்புப் பள்ளிகள் என்று கேட்டுப் பாருங்கள். துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம், கல்லூரி அடையாள அட்டை நகல், ஒரு பக்கத் தன்விவரம் மூன்றும் வேண்டும். முறையான அனுமதி இல்லாமல் எங்கேயும் நோயாளிகளிடம் பேச உட்காராதீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் சான்றிதழ் அனுப்பும் இணையவழிப் பயிற்சிகள் நிறைய வருகின்றன. அதைவிட, அருகிலுள்ள சிறப்புப் பள்ளியில் ஒரு மாதம் தினமும் போய், ஒரே குழந்தையைக் கவனித்து, நாள்தோறும் குறிப்பு எழுதி வைத்திருப்பவரிடம் எம்.எஸ்சி. நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். அந்தக் குறிப்பில் குழந்தையின் பெயரை எழுதாமல் ஓர் எழுத்தால் மட்டும் குறியுங்கள்; முடித்து வரும்போது பயிற்சி நாட்கள், நேரம், செய்த பணி மூன்றும் குறிப்பிட்ட சான்றிதழை முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். பொறுப்பில் இருந்தவர் மாறிப் போய்விட்டால், ஆறு மாதம் கழித்து அதை எழுதித்தர ஆள் இருக்காது.